சோகை எரிக்காத பாதியில் பூச்சி குறைவாக விழுகிறது: குழிப்பொறி தப்பா, கணக்கு தப்பா?

பார்முனை எழுதியது:

வணக்கம். இடம் விழுப்புரம் பக்கம். கட்டைக் கரும்பு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் பயிர்), கோ 86032 ரகம், 5 அடி இடைவெளியில் பார் (மேட்டு வரிசை), செம்மண் கலந்த களி. முதல் வெட்டு முடிந்ததும் வயல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பாதியில் சோகை (வயலில் கிடக்கும் காய்ந்த கரும்பு இலை) எரிக்கப்பட்டது. மறு பாதியில் முழுச் சோகையும் பரப்பிக் கிடக்கிறது. கட்டை சீவல், உரம், தண்ணீர் இரண்டுக்கும் ஒன்றுதான்.

தரைமேல் நடமாடும் சிலந்தி, எறும்பு, வண்டு ஆகியவற்றை எண்ண ஒவ்வொரு பாதியிலும் 6 பிளாஸ்டிக் டம்ளர் புதைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, 2 நாளைக்கு ஒருமுறை எடுக்கிறோம். சோகை இருக்கும் பாதியில் அதிகம் விழும் என்று எதிர்பார்த்தால், எரித்த பாதியில்தான் எறும்பும் வண்டும் கூடுதலாக விழுகின்றன. கையால் சோகையைத் தூக்கிப் பார்த்தாலோ அடியில் சிலந்தி ஓடுகிறது, பூரான் ஓடுகிறது.

பொறி வைத்த முறையில் தவறா? உண்மையிலேயே சோகைக்கு அடியில் குறைவா? இன்னொன்று: சோகை கிடந்தால் கரையானும் எலியும் ஏறும், எடுத்துவிடு என்று பக்கத்து வயல்காரர்கள் சொல்கிறார்கள். அதில் எவ்வளவு உண்மை?

தரைவண்டு எழுதியது:

கண்ணால் பார்த்ததை நம்புங்கள். டம்ளர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்.

குழிப்பொறியில் விழும் எண்ணிக்கைக்குள் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது: அங்கே எத்தனை உயிர் இருக்கிறது, அது ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கிறது. எரித்த தரை வெறுமையானது, சூடானது, இரை குறைந்தது. அங்கே உள்ள எறும்பும் வண்டும் இரை தேடி நெடுந்தூரம் ஓட வேண்டும், தடையில்லாமல் நேராகவும் ஓடலாம். அதனால் டம்ளரில் விழுகின்றன. சோகைக்குள் அதே வண்டுக்கு மேலே, கீழே, பக்கத்தில் என்று பல அடுக்கு வழிகள். இரையும் ஈரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அது அதிகம் நடப்பதில்லை. நடந்தாலும் ஓர் இலை டம்ளர் வாயின் குறுக்கே பாலம்போலக் கிடந்தால் அதன் மேலேறிக் கடந்துவிடும். எனவே சோகையுள்ள வயலில் குழிப்பொறி பெரும்பாலும் குறைத்தே காட்டும். எரித்த பாதியும் மூடிய பாதியும் தமக்குள் ஒப்பிடப்படும்போது இந்தச் சாய்வைக் கழிக்க வழியில்லை. ஒரே பாதிக்குள் மாதத்துக்கு மாதம் என்ன மாறுகிறது என்று பார்க்கத்தான் பொறி உதவும்.

எறும்பு தனிக் கதை. சோகை வேகமாக எரிந்து போகும், மண்ணுக்குள் 2-3 செ.மீ. கீழே சூடு பெரிதாக இறங்காது. புற்றுக்குள் இருக்கும் எறும்பு தப்பித்துவிடும், மேலே கிடந்த சிலந்தி, இயர்விக் (வாலில் இடுக்கி உள்ள பூச்சி), மரவட்டைதான் போய்விடும். பிறகு பசியோடு வெளிவரும் எறும்புக் கூட்டத்தின் பாதையில் ஒரு டம்ளர் அமைந்துவிட்டால் அதில் மட்டும் நூற்றுக்கணக்கில் கிடக்கும். எறும்பைத் தலைகளாகக் கூட்டாதீர்கள். 6 டம்ளரில் எத்தனை டம்ளரில் அந்த வகை விழுந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

பொறி வைக்கும் முறையைச் சரி செய்யலாம். வாய் 9-10 செ.மீ., ஆழம் 11-12 செ.மீ. உள்ள டம்ளர் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துப் புதையுங்கள். வெளி டம்ளர் மண்ணிலேயே நிற்கட்டும், உள் டம்ளரை மட்டும் எடுத்து மாற்றினால் ஒவ்வொரு முறையும் சுற்று மண் கலையாது. விளிம்பு மண்மட்டத்துக்கு 2-3 மி.மீ. கீழே இருக்க வேண்டும். ஒரு நெல் கனம் மேலே நின்றாலும் சின்ன வண்டு திரும்பிப் போய்விடும். முதல் தண்ணீருக்குப் பிறகு மண் அமர்ந்து விளிம்பு மேலே வரும், மறுபடி சரிபார்க்க வேண்டும். சோகையுள்ள பாதியில் டம்ளரைச் சுற்றி 3 செ.மீ. வட்டம் மட்டும் சுத்தம் செய்யுங்கள். அதைவிடப் பெரிதாகச் சுத்தம் செய்தால் அது சோகை வயலாக இல்லாமல் வெறும் தரையாகிவிடும்.

தோண்டிய உடனே பொறியைத் திறக்கக் கூடாது. புதுமண் வாசனைக்கும் கரியமில வாயுவுக்கும் சில நாள் பூச்சி அதிகமாகக் கூடும். மூடியைப் போட்டு 5-7 நாள் விட்டுவிட்டுத் திறங்கள். உள்ளே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், லிட்டருக்கு 50 கிராம் கல்லுப்பு, வாசனையில்லாத சோப்பு 2-3 சொட்டு. எலுமிச்சை வாசனைப் பாத்திரச் சோப்பு சில பூச்சியை இழுக்கும், சிலவற்றை விரட்டும். சோப்பே இல்லாவிட்டால் சிலந்தி தண்ணீர்மேல் நடந்து ஏறிவிடும். மேலே 3-4 செ.மீ. உயரத்தில் ஒரு தட்டை மூன்று ஆணியில் நிறுத்துங்கள், மழைக்கும் வெயிலுக்கும் அது போதும். தவளையும் அரணையும் விழாமல் இருக்க வாயில் 1.5 செ.மீ. கண் வலை.

டம்ளருக்கு டம்ளர் 10 மீட்டர், வயல் ஓரத்திலிருந்தும் இரண்டு பாதியின் எல்லையிலிருந்தும் குறைந்தது 10 மீட்டர். ஓநாய்ச் சிலந்தியும் (வலை பின்னாமல் ஓடி வேட்டையாடுவது) தரை வண்டும் ஒரே இரவில் எல்லையைக் கடந்துவிடும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 12 டம்ளர் இருந்தாலும் உங்களிடம் இருப்பது ஓர் எரித்த வயல், ஓர் எரிக்காத வயல். பாதிக்குப் பாதி மண் வேறுபட்டிருந்தாலோ, ஒரு பாதி வாய்க்காலுக்கு அருகில் இருந்தாலோ, அந்த வித்தியாசமும் சோகையின் கணக்கில் சேர்ந்துவிடும். அக்கம்பக்கத்தில் எரித்த நான்கு வயல், எரிக்காத நான்கு வயல் கிடைத்தால், வயலுக்கு மூன்று பொறி வைத்தாலும் அந்த 24 பொறி சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

செம்புலம் எழுதியது:

மேலே சொன்னதோடு, பரப்பளவு வைத்து எண்ணும் முறையைச் சேருங்கள். அதுதான் இரண்டு பாதியையும் நேர்மையாக ஒப்பிடும்.

50 × 50 செ.மீ. இரும்புச் சட்டம் ஒன்று. காலை 8 மணிக்குள், வெயில் ஏறுவதற்கு முன், ஒரு பாதிக்கு 8 இடம். சட்டத்தை வைத்த வேகத்தில் ஓரம் முழுக்கக் கத்தரியால் சோகையை வெட்டி, சட்டத்துக்குள் இருப்பதை அள்ளி வெள்ளைத் துணிப்பையில் போட்டு வாயைக் கட்டிவிட வேண்டும். இதில் தாமதம் கூடாது. சட்டம் விழுந்த அதிர்விலேயே சிலந்தி ஓட ஆரம்பிக்கும். பிறகு மேல்மண் 1 செ.மீ.-ஐயும் கரண்டியால் சுரண்டிச் சேருங்கள். எரித்த பாதியிலும் இதே அளவு சாம்பலும் மண்ணும் எடுக்க வேண்டும். ஒரு சட்டத்தில் கிடைத்ததை 4-ஆல் பெருக்கினால் சதுர மீட்டர் கணக்கு.

பையை வீட்டில் வெள்ளைத் தட்டின்மேல் 5-6 மி.மீ. சல்லடையில் கொட்டிக் குலுக்குங்கள். பெரியவை கையோடு வந்துவிடும். மிச்சத்தைப் புனலில் போட வேண்டும்: 25-30 செ.மீ. வாயுள்ள புனல், உள்ளே கம்பி வலை, அதன்மேல் சோகை, மேலே 25 செ.மீ. தூரத்தில் 40 வாட் குண்டு பல்பு, கீழே 70 சதவீத ஆல்கஹால் உள்ள பாட்டில். மேலிருந்து காயக் காய உயிர்கள் ஈரம் தேடி இறங்கிப் பாட்டிலில் விழும். 48 முதல் 72 மணி நேரம் போதும். எல்.இ.டி. பல்பு சூடு தராது, அதை மாட்டிவிட்டு ஒன்றும் விழவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. முதல் நாளே பல்பை மிக அருகில் வைத்தாலும் தவறு: மேல்பக்கம் சட்டென்று காய்ந்து, நுண்பூச்சிகள் இறங்குவதற்கு முன்பே உள்ளேயே செத்துவிடும்.

என்ன எதிர்பார்க்கலாம் என்றால், சோகை போட்ட முதல் சில வாரம் காய்ந்த இடத்தில் வாழ்பவைதான்: சில்வண்டு, வயல் கரப்பான், இயர்விக், எறும்பு. இரண்டு மூன்று தண்ணீர் பாய்ந்து அடிச் சோகையில் வெள்ளைப் பூஞ்சாணம் படர்ந்ததும் ஸ்பிரிங்டெயில் என்கிற, வாலை உதைத்துக் குதிக்கும் நுண்பூச்சியும் மண் உண்ணிகளும் பெருகும். அவை தின்பது பூஞ்சாணத்தை. அவற்றைத் தின்ன ஓநாய்ச் சிலந்தியும் ரோவ் வண்டும் (குட்டை இறக்கை உறையுள்ள வேட்டை வண்டு) பூரானும் வரும். இந்த வரிசையில் நடுக்கண்ணிதான் முக்கியம் என்பேன். கரும்பில் புழு இல்லாத நாட்களிலும் சிலந்திக்குச் சாப்பாடு கிடைப்பது ஸ்பிரிங்டெயிலால்தான். புழு வரும்போது காவல் ஏற்கெனவே வயலில் நிற்கும். எரித்த வயலில் புழு வந்த பிறகுதான் காவல் வெளியிலிருந்து வர வேண்டும். சோகை இற்றுத் துண்டாகும்போது மரவட்டையும் மண்புழுவும் கூடும். அதற்குச் சில மாதம் ஆகும், முதல் மாதத்திலேயே தேடி ஏமாற வேண்டாம்.

நடைமுறைப் பலன் இளங்குருத்துப் புழுவில் தெரியும். அது வெப்பமும் வறட்சியும் விரும்புகிற பூச்சி, கோடையில்தான் ஏறும். தாய் அந்துப்பூச்சி இலையின் அடிப்பக்கம் முட்டையிடும். குஞ்சுப்புழு இறங்கி வந்து, சில புழுக்கள் நூலில் தொங்கிக் காற்றில் பக்கத்துத் தூருக்கும் போய், மண்ணை ஒட்டிய தண்டில்தான் துளை போடும். அந்தக் கடைசிச் சில அங்குலப் பயணத்தில் எறும்பும் சிலந்தியும் காத்திருக்கின்றன. சோகை மண்சூட்டையும் குறைக்கிறது. நடவுக் கரும்பில் நட்ட 3-ஆம் நாள் 10-15 செ.மீ. கனத்துக்குப் பார்மேல் சோகை பரப்பச் சொல்லும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை இந்தப் புழுவுக்காகத்தான்.

இத்தனையும் செய்துவிட்டு, சோகையின் மேல் குருணை மருந்தை (மணிமணியான பூச்சிக்கொல்லி) வாரி இறைத்தால் எல்லாம் போச்சு. குருணை வேருக்குப் போகாமல் சோகையிலேயே தங்கும், முதலில் சாவது சிலந்தியும் வண்டும்தான்.

கட்டைசீவல் எழுதியது:

சோகை எப்போதும் நல்லதுதான் என்ற தொனி இந்த இழையில் ஓங்கி நிற்கிறது. அது முழு உண்மையல்ல. சோகை ஒரு வீடு. யார் குடியேறுவார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

பிரேசிலைப் பாருங்கள். அங்கே வெட்டுவதற்கு முன்பே கரும்பை எரிப்பது வழக்கமாக இருந்தது. சாவ் பாவ்லோ மாநிலம் 2002-இல் சட்டம் போட்டு அதைப் படிப்படியாக நிறுத்தத் தொடங்கியது. இயந்திர அறுவடை பரவி, சோகை தடிப்பாகத் தரையில் தங்கியது. அதோடு மஹனார்வா என்கிற வேர் நுரைப்பூச்சி பெரும் பூச்சியாகத் தலைதூக்கியது. முன்பு தீ அதன் முட்டைகளைக் கொன்றுகொண்டிருந்தது. இப்போது சோகை காக்கும் ஈரத்தில் அதன் குஞ்சுகள் தூரடியில் நுரைக்குள் உட்கார்ந்து மேல்வேரை உறிஞ்சுகின்றன. அதற்குத் தீர்வு திரும்பத் தீ வைப்பதல்ல. தூர் வரிசையிலிருந்து சோகையை விலக்கி இடைவெளியில் சேர்க்கிறார்கள், பூச்சியைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைத் தெளிக்கிறார்கள். அந்தப் பூச்சி நம் ஊரில் இல்லை. ஆனால் தூரை மூடாதே, இடைவெளியை மூடு என்கிற பாடம் நமக்கும் பொருந்தும்.

நம் பக்கம் கவனிக்க வேண்டியது படைப்புழு. பகலில் சோகைக்கடியிலும் குருத்துக்குள்ளும் பதுங்கி, இரவில் இலையை நடுநரம்பு மட்டும் விட்டுத் தின்னும். இலை ஓரம் அரிக்கப்பட்டிருந்து பகலில் புழு கண்ணில் படாவிட்டால், தூரடிச் சோகையை விலக்கிப் புழுக்கை கிடக்கிறதா என்று பாருங்கள்.

கரையான் பயம் பாதி சரி. காய்ந்த சோகைமேல் மண் பூசிக் கரையான் தின்பதைப் பார்த்ததும் கரும்பைத் தின்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். வயலில் பரவலாக 20 தூர் தேர்ந்து, கட்டையைப் பிளந்து பாருங்கள். உள்ளே மண் அடைத்திருந்தால்தான் தாக்குதல். ஆபத்து அதிகம் இருப்பது மானாவாரி போலக் காய்ந்து கிடக்கும் செம்மண்ணில், தண்ணீர் தள்ளிப்போகும்போது. சோகையைத் தண்ணீர் பாய்ச்சிய பிறகு பரப்பினால், அடி நனைந்து மக்கத் தொடங்கினால், கரையானின் பங்கு குறைந்து மற்றவற்றின் பங்கு கூடும்.

எலிக்கு வரப்பிலிருந்து 3 அடி தூரம் சோகையே போடாமல் விடுங்கள். வளை வாய் கண்ணில் பட்டால் கையாள முடியும். சோகையைப் புரட்டும்போது முழங்கால் பூட்ஸும் தடித்த கையுறையும் இல்லாமல் கை வைக்காதீர்கள். முதலில் நீளக் கம்பால் தட்டுங்கள். கண்ணாடி விரியன் இருக்கும் இடம் அது.

செவ்வழுகல் (கரும்பின் உட்பகுதி சிவந்து அழுகும் நோய்) கண்ட வயலில் கட்டையே விடக் கூடாது, சோகையை அந்த இடத்திலேயே எரித்துவிட வேண்டும். செதில் பூச்சி, மாவுப்பூச்சி கடுமையாகத் தாக்கிய வயலின் சோகையையும் வேறு வயலுக்கு எடுத்துப் போகாதீர்கள். தரைவாழ் உயிர்கள் மேல் எவ்வளவு அக்கறை இருந்தாலும் இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்க இடமில்லை.

பார்முனை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நோய், செதில் பூச்சி எதுவும் இல்லை. சோகை தற்போது தூர்மேலும் கிடக்கிறது, அதை விலக்கிவிடுகிறோம். மூன்று சந்தேகம். டிராக்டர் கருவியில் சோகையைத் தூளாக்கினால் உயிர்களுக்கு நல்லதா? சோகை பாதியில் பயிர் வெளிர் பச்சையாக இருப்பது பூச்சியாலா? மண் அணைக்கும்போது (தூரடியில் மண்ணை ஏற்றும்போது) பொறிகளை என்ன செய்வது?

செம்புலம் எழுதியது:

வெளிர் நிறத்துக்குப் பூச்சி காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. சோகையில் தழைச்சத்து 0.4 சதவீதம் அளவுதான், ஒரு பங்கு தழைச்சத்துக்குக் கரிமம் 100 பங்கு. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும், பயிர் சில வாரம் பட்டினி கிடக்கும். கட்டைப் பயிருக்கு வெட்டிய 5-7 நாளில் 25 சதவீதம் கூடுதல் தழைச்சத்து என்ற பரிந்துரை இருக்கிறதே, சோகை கிடக்கும் வயலில் அதைத் தவறவே விடக் கூடாது. யூரியாவைச் சோகைமேல் தூவினால் கணிசமான பங்கு ஆவியாகிப் போகும். தூரருகே சிறு குழி எடுத்து வைத்து மூடுங்கள், உடனே தண்ணீர் கொடுங்கள். அடையாளம்: முதிர்ந்த கீழ் இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறை. இளங்குருத்து மட்டும் வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச்சத்து, அது வேறு வைத்தியம்.

தூளாக்குவதில் லாபமும் உண்டு, இழப்பும் உண்டு. தூளான சோகை மண்ணோடு ஒட்டி ஈரம் பிடித்து விரைவில் மக்கும். ஸ்பிரிங்டெயிலுக்கும் மண்புழுவுக்கும் அது விருந்து. ஆனால் முழுச் சோகையில் இருக்கிற காற்றோட்டமான இடுக்குகள் அதில் இல்லை, பெரிய சிலந்திகள் தங்குவதற்கு அந்த இடுக்குதான் வேண்டும். கருவி ஓடும்போதே உள்ளே இருப்பவை நசுங்கும். அதனால் வெட்டி முடித்த ஓரிரு நாளில், குடியேற்றம் தொடங்குவதற்கு முன்பே, தூளாக்கிவிட வேண்டும். ஒரு மாதம் கிடந்த சோகையில் கருவியை இறக்காதீர்கள். ஒரு சாலில் (பார்களுக்கு இடையிலுள்ள பள்ளம்) முழுச் சோகை, அடுத்த சாலில் தூள் என்று மாற்றி மாற்றி விடலாம். எக்டேருக்கு 8-10 டன் சோகை கிடைக்கும் என்பதால் இரண்டுக்கும் போதும்.

தரைவண்டு எழுதியது:

மண் அணைப்பதற்கு முந்தின நாள் உள் டம்ளர்களை எடுத்து எண்ணிவிட்டு, வெளி டம்ளரையும் பிடுங்கிவிடுங்கள். நடவுக் கரும்பில் அணைத்த பிறகு சால் இருந்த இடம் பாராகவும் பார் இருந்த இடம் சாலாகவும் மாறிவிடும். பழைய இடத்திலேயே டம்ளர் வைத்தால் அடுத்த பாசனத்தில் மூழ்கும். கட்டைப் பயிரிலும் மேடு உயரும். புதிய பாரின் சரிவில், தண்ணீர் ஏறும் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, மறுபடி புதையுங்கள். அங்கேயும் மூடி போட்டு 5-7 நாள் காத்திருக்க வேண்டும். அணைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த எண்களை ஒரே கோட்டில் சேர்த்து வரையாதீர்கள். மண்ணைப் புரட்டியதால் ஏற்பட்ட மாற்றத்தைச் சோகையின் தலையில் கட்டிவிடுவோம். சட்டம் வைத்து அள்ளும் கணக்கை அணைப்பதற்கு 2 நாள் முன் ஒருமுறையும், 20 நாள் கழித்து ஒருமுறையும் எடுத்தால், மண்ணுக்குள் புதைந்த சோகையோடு எத்தனை உயிர் போயிற்று, எத்தனை திரும்பி வந்தது என்பது தனியாகத் தெரியும்.

புட்டியில் போடும் துண்டுச்சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.